லாரிக்கும் கரும்புக்கும் நடுவே நாலடி

சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது அவற்றுக்கு நடுவே தெரிகிற சந்து தனக்கென்றே விடப்பட்டது என்று நம்பாத பைக்காரன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. நானும் நம்பினேன். மற்றவர்கள் போகிற போக்கில் நம்பினார்கள். நான் பக்தியோடு நம்பினேன். பெரம்பலூரில் இரண்டு பஸ்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்ததும், பரீட்சை பாஸ் பண்ணியவன் போலத் திரும்பிப் பார்ப்பேன். (யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் திட்டிக்கொண்டிருப்பார்கள்.)

நான் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். பேனர் காயும்வரை உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச ஏதாவது வேண்டும். பைக்கை இப்படி நடுவே நுழைந்து போக விடலாமா, கூடாதா என்பது இப்போது அடிக்கடி வருகிற பேச்சு. வெளிநாட்டில் சில இடங்களில் சட்டமே விடுகிறதாம். "அப்ப நம்மூர்லயும் விடவேண்டியதுதானே, என்ன சொல்ற செந்திலு?" என்று என்னைக் கேட்பார்கள். பிரிண்டர் சத்தத்தில் காது கேட்காதவன் போல நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். (பிரிண்டர் அப்போது ஓடிக்கொண்டிருக்காது.)

எனக்கு இதில் கருத்து உண்டு. ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை என் சித்தப்பாவின் இடது கணுக்காலோடு போய்விட்டது. அங்கே இப்போது ஒரு பிளேட்டும் ஆறு ஸ்குரூவும் இருக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அரியலூரில் என் அத்தை இறந்துபோனார். பவுனாம்பாள் என்று பெயர். என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். அவருடைய மகன் கலியமூர்த்தி மச்சான் போன் செய்து, அழுகையை நிறுத்திவிட்டுக் கணக்காகப் பேசினார்.

"மூணு மணிக்கு ராகுகாலம் ஆரம்பிக்குது மாப்ள. அதுக்கு முன்னாடி எடுத்தாகணும். மாமாவக் கோடியோட வந்துடச் சொல்லு."

எங்களில் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை போகவேண்டும். அதற்குப் பெயர் கோடி. கூடப் பிறந்தவன் கையால் அதை உடம்பின்மேல் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். என் அப்பா போய்ப் பல வருடமாகிறது. மிச்சமிருந்த ஒரே தம்பி, பாடாலூரில் இருந்த சித்தப்பாதான். அவருக்கு அத்தை வெறும் அக்கா இல்லை. அம்மா முகம் தெரியாமல் வளர்ந்தவரை இடுப்பில் தூக்கிச் சுமந்தவர். தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா போகவில்லை. பொங்கலுக்கும் போகவில்லை. "இதோ இருக்குற அரியலூர்தானே" என்றே ஒரு வருடம் ஓடிவிட்டது.

பாடாலூரிலிருந்து சித்தப்பா, சித்தி, பங்காளிகள் எல்லோரும் ஒரு வேனில் பெரம்பலூர் வந்தார்கள். அதில் எனக்கும் இடம் வைத்திருந்தார்கள். நான் ஏறவில்லை. காரணம், கண்ணீர் அஞ்சலி பேனர்.

சொந்த அத்தைக்குச் சொந்தக் கடையில் அடித்த பேனர். நாலுக்கு ஆறு. மேலே அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். கீழே குடும்பத்தார் போட்டோக்கள். அதில் என் போட்டோ மட்டும் கூலிங் கிளாஸோடு, அத்தையின் கணவரான மாமா போட்டோவைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. (டிசைன் செய்தவன் நான். வேறு யாரைக் குற்றம் சொல்ல?) பேனரை நாலடி பிளாஸ்டிக் குழாயில் சுற்றி, பைக்கின் பின்சீட்டில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு வேனுக்குப் பின்னால் கிளம்பினேன்.

பேரளி தாண்டியதும் எல்லாம் நின்றுவிட்டது. ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்த சமயம் அது. ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கொடி பிடித்த ஆள் ஒருவர் இந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரமும் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரமும் விட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகிற டிப்பர் லாரிகள் கண்ணுக்கு எட்டியவரை நின்றன. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. லாரி வரிசையை ஒட்டிப் போனால் நேராக முனைக்கே போய்விடலாம்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பக்தன் விழித்துக்கொண்டான்.

வேன் ஜன்னலைத் தட்டினேன். சித்தப்பா மடியில் மஞ்சப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே அரக்குக் கலரில் கோடிச்சேலை.

"சித்தப்பா, எறங்குங்க. இது இப்பத்திக்கு நகராது. நான் சந்துல பூந்து போயிடுவேன். அரை மணி நேரத்துல அத்தை மூஞ்சியப் பாத்துடலாம்."

"அவரு எங்கயும் வரல" என்றார் சித்தி. "நீ ஓட்டுற லட்சணம் எனக்குத் தெரியாதா? பேசாம பின்னாலயே வாடா."

சித்தப்பா வாட்ச்சைப் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தக் கடைசிப் பார்வையைத்தான் அவர் தவிர்த்திருக்க வேண்டும்.

"கோடி போடவேண்டியவன் நான்டி. நான் போயிடுறேன். நீங்க மெதுவா வாங்க" என்று இறங்கிவிட்டார்.

அவருக்கு உட்கார இடம் வேண்டுமே? நீளவாக்கில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே குறுக்காகப் படுக்கவைத்தேன். அவர் அதைத் தொடைமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மஞ்சப்பையின் காதைக் குழாயின் வலது முனையில் மாட்டினார்.

இந்த இடத்தில் என் தொழிலை இன்னொரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அளவெடுத்துப் பிழைக்கிறவன். சுவரைப் பார்த்தாலே எத்தனைக்கு எத்தனை என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கும் மனதுக்குள் அளவு போட்டேன். ஹேண்டில்பார் இரண்டரை அடி. மூணடி சந்து இருந்தால் போதும். அரை அடி லாபம். முதுகுக்குப் பின்னால் நாலடிக் குழாய் ஒன்று இரண்டு பக்கமும் கொம்பு போல நீட்டிக்கொண்டு வருவது அந்த அளவில் சேரவில்லை.

இருபது லாரி தாண்டியிருப்போம். காற்று ஜோராக அடித்தது. "என்ன சித்தப்பா, எப்புடி?" என்று கேட்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்றா."

பார்த்தேன். கொடி பிடித்தவர் எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார். எறையூர் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று, பாட்டு அலற, வந்துகொண்டிருந்தது. டிரெய்லர் என்னவோ ரோட்டுக்குள்தான் இருந்தது. கரும்பு அப்படி இல்லை. இரண்டு பக்கமும் பிதுங்கித் தோகையும் தட்டையுமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பிரேக் போட்டு, இடது பக்கமிருந்த லாரியோடு ஒட்டினேன். டிராக்டர் தலை தாண்டியது. ஹேண்டில்பார் தப்பித்தது. 'பார்த்தீங்களா, அரை அடி லாபம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, முன்னால் விழுந்த இடைவெளியை அடைக்க லாரி நகர்ந்தது.

குழாயின் இடது முனை லாரிக் கதவில் இடித்தது. வலது முனை கரும்புக்குள் குத்திக்கொண்டது. லாரி முன்னே போக, கரும்பு பின்னே போக, நடுவில் குழாயைக் கெட்டியாகப் பிடித்திருந்த சித்தப்பா, மாவாட்டுகிற குழவி போல ஒரு அரைச்சுற்றுச் சுற்றிச் சீட்டிலிருந்து கிளம்பினார். பைக் இடது பக்கம் சாய்ந்தது. அவர் இடது கால் அதற்கடியில் போயிற்று. என் தலை ரோட்டில் டங்கென்று மோதியது. என் தலையில் ஹெல்மெட் இருந்தது. சித்தப்பாவுக்கு ஹெல்மெட் இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

லாரிச் சக்கரம் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. குழாய் கதவில் இடித்த சத்தம் கேட்டுத்தான் டிரைவர் பிரேக் அடித்திருக்கிறார். சத்தம் கேட்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அரியலூரில் ஒன்று, பாடாலூரில் ஒன்று என்று இரண்டு பேனர் தேவைப்பட்டிருக்கும். இரண்டாவதை அடிக்க எனக்குக் கை வந்திருக்காது.

"சித்தப்பா! சித்தப்பா!"

"கத்தாதடா. உசுரோடதான் இருக்கேன். பை எங்க?"

திரும்பிப் பார்த்தேன். பை போய்க்கொண்டிருந்தது. கரும்புக்கட்டில் ஒரு தட்டை முனையில் மாட்டிக்கொண்டு, எறையூரைப் பார்த்து, பாட்டுக்குத் தாளம் போடுவது போல ஆடிக்கொண்டு போயிற்று. எழுந்து ஓடினேன். "நிறுத்துங்க! கோடி! கோடி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். டிராக்டர் ஓட்டினவருக்குப் பாட்டுத்தான் கேட்டது. பின்னாலேயே வந்த அடுத்த டிராக்டர்க்காரர், ஏதோ லாட்டரி விழுந்த பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னார். கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கி நின்றேன். மஞ்சள் ஒரு புள்ளியாகி மறைந்தது.

திரும்பி வந்தபோது பேனர் முழுசாக விரிந்து கிடந்தது. அதன்மேல் ஒரு டயர்த்தடம். அத்தையின் கன்னத்தில் ஆரம்பித்து, மாமாவை விட்டுவிட்டு, சரியாக என் கூலிங் கிளாஸில் முடிந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் அதே சந்தில் பூந்து வந்த பைக்காரர்கள், "அண்ணே, கொஞ்சம் ஓரமாப் படுக்க வைங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே அத்தையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லாரி டிரைவர்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேனரைச் சுருட்டினார். திருமழபாடிக்காரர். ஐம்பது வயது இருக்கும். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ வந்தது எனக்குத் தெரியவே இல்லப்பா" என்றார். "பின்னாடி வந்தா கண்ணாடியில தெரியும். கதவுக்கு அடியில ஒட்டிக்கிட்டு நின்னா நான் எங்கேருந்து பாக்குறது? நீ என்னப் பாத்துட்ட. அதனால நானும் ஒன்னப் பாத்துட்டேன்னு நெனச்சுக்கிட்ட. அவ்வளவுதான்."

சித்தப்பாவின் கணுக்கால் அதற்குள் சுரைக்காயாக வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"எங்க அக்கா மூஞ்சியப் பாக்கணும். அப்பறம் காலை வெட்டினாலும் சரி."

பைக்கின் முன்சக்கரம் எட்டுப் போட்டிருந்தது. அதை ஓரத்தில் தள்ளிவிட்டு, டிரைவரும் நானும் சித்தப்பாவை லாரிக் கேபினுக்குள் தூக்கி உட்காரவைத்தோம். லாரி நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. நின்றது. மேலேயிருந்து பார்த்தால் எங்களைத் தாண்டிப் பைக்குகள் சாரை சாரையாகப் பூந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருத்தனும் கதவுக்குக் கீழே வந்ததும் காணாமல் போனான். கொஞ்சம் தள்ளி மறுபடியும் முளைத்தான். ஒவ்வொருவன் முளைக்கும்வரை திருமழபாடிக்காரர் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவில்லை. இத்தனை வருடம் எத்தனை பேர் எனக்காக இப்படிக் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்களோ.

போன் அடித்தது. கலியமூர்த்தி மச்சான்.

"எங்கப்பா இருக்கீங்க? வேன் வந்து சேந்துடுச்சு."

"வேன் வந்துடுச்சா?"

"தோண்டிப் போட்ட பக்கமா மண்ணுல சின்ன வண்டியெல்லாம் விட்டாங்களாமே. அதுல வந்துட்டாங்க. ஒன் சித்தி வாசல்ல நிக்கிறாங்க. மாமா எங்க? கோடி எங்க?"

லாரிக்கு இந்தப் பக்கம் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, லாரிக்கு அந்தப் பக்கம் சித்தி எங்களைத் தாண்டிப் போயிருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். பாதிதான் சொன்னேன். கோடி எறையூர் ஆலைக்குப் போயிருக்கும் செய்தியை எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது.

"சரி, நான் வேணா யாரையாவது பைக்ல அனுப்பி மாமாவக் கூட்டியாரச் சொல்லட்டா?"

பைக் என்ற வார்த்தை போனைத் தாண்டிச் சித்தப்பா காதில் விழுந்தது. "வேணாம்னு சொல்றா" என்றார். அதுவரை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர் குரலில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

ஊருக்குள் டிப்பரை விடமாட்டார்கள் என்று திருமழபாடிக்காரர் அரியலூர் எல்லையில் எங்களை இறக்கி, தானே ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். மணி இரண்டே முக்கால் தாண்டிவிட்டது. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் சித்தப்பா என் தொடையைப் பிடித்தார். அந்த நகத்தடத்துக்கு நான் மருந்து போடவில்லை.

வீட்டு வாசலில் பந்தல் இருந்தது. பந்தலுக்கடியில் பெஞ்சு காலியாக இருந்தது. தெருவெல்லாம் சாமந்தி சிதறிக் கிடந்தது. பெண்கள் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி ஓடிவந்து ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார். புருஷன் காலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"இப்பத்தான் தூக்குனாங்க. பத்து நிமிஷம் இருக்கும். ஒங்க அக்கா வீட்டுக்காரரு எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. ராகுகாலத்துல எடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க கேக்கல."

"கோடி?" என்றார் சித்தப்பா.

"கடைத்தெருவுல ஓடிப்போய் ஒண்ணு எடுத்து நான்தான் போட்டேன். ரோஸ் கலரு. அவசரத்துக்கு அதான் கெடச்சுது."

அத்தைக்கு ரோஸ் பிடிக்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"சுடுகாட்டுக்கு வுடுங்க" என்றார் சித்தப்பா ஆட்டோக்காரரிடம்.

சுடுகாட்டு வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே போக மண்பாதை. சித்தப்பா என் தோளில் ஒரு கையைப் போட்டு ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வந்தார். "கடைசியா மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்க" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. "இருங்க! இருங்க!" என்று கத்தினேன். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று குனிந்தேன். என்னால் தூக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் என் தோளில் சாய்ந்து வந்தவர், "நீ தூக்காதடா, நடந்தே வரேன்" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது முகத்தின்மேல் வரட்டி வைத்து மண்ணும் பூசியாகிவிட்டது. கலியமூர்த்தி மச்சான் தோளில் பானையோடு நின்றிருந்தார். ரோஸ் சேலையின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஒரு வரட்டிய எடுத்தாப் போதும்ப்பா. ஒரே ஒரு தடவ" என்றார் சித்தப்பா.

அங்கே வேலை பார்க்கிறவர் பெரியவர்களைப் பார்த்தார். பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். "மூடுனதத் தொறக்கக் கூடாதுங்க" என்றார் ஒருவர், மெதுவாகத்தான் சொன்னார்.

சித்தப்பா தலையாட்டினார். அப்படியே ஒற்றைக் காலில் நின்றார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது. கையில் சுருட்டிய பேனர் இருந்தது.

"சித்தப்பா," என்றேன், "பேனர்ல அத்தை மூஞ்சி நல்லாத் தெரியுது. வேணா விரிக்கட்டா?"

என் வாயிலிருந்து இதுவரை வந்த வாக்கியங்களிலேயே கேவலமானது அதுதான். (போட்டிக்கு நிறைய இருக்கின்றன. வீட்டில் கேட்டால் பட்டியல் தருவார்கள்.) மச்சானே பானையோடு திரும்பிப் பார்த்தார். சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "போடா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். அதற்குள் எல்லாம் இருந்தது.

அன்று சாயங்காலமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. காரியத்துக்கும் அவரால் வரமுடியவில்லை. இன்றும் மாடிப்படி ஏறும்போது அந்தக் கால் ஒரு படி பின்தங்கித்தான் வருகிறது.

கடையில் பேச்சு வரும்போது நான் சொல்லாமல் விடுகிற கருத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். வண்டிகள் அசையாமல் நிற்கும்போது பைக் மெதுவாக நடுவே போவதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எல்லாரும் வரிசையிலேயே நின்றால் வரிசை இன்னும் நீளும். ஆனால் லாரி நிற்கிறது என்று முடிவு செய்தவன் நான். நகர முடிவு செய்தவர் டிரைவர். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள எந்தச் சட்டத்திலும் வழி இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் சட்டம் வந்தாலும் நான் வரிசையில்தான் நிற்பேன். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் அதற்கப்புறம் பல விதமாகச் சிரித்துவிட்டார்கள். அந்த வருடத்துச் சர்க்கரை அரக்குக் கலரில் இருந்ததாகப் பங்காளி ஒருவர் சத்தியம் செய்வார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலியை என் கண்ணில் காட்டமாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது சித்தப்பாவுடையது. போன வருடம் அவர் பேத்தியின் காதுகுத்தில், பந்தி நடக்கும்போது, இரண்டு மகன்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லார் முன்னாலும் சொன்னார்:

"நான் போனா, இவனுக்குச் சேதி சொல்லிக் கூப்புடாதீங்க. எப்புடியும் வந்து சேரமாட்டான். மொத நாளே வரச் சொல்லிடுங்க."

பந்தியே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சித்தி மட்டும் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாடாலூர் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். காரணம் எதுவும் சொல்வதில்லை. வாசலில் நாற்காலி போட்டு, இடது காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருப்பார். நான் தெருமுனையில் திரும்பும்போதே, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்பார்:

"என்னடா, நாளைக்கா?"